பழைய பிஎம்டபிள்யூ 325ஐ கார் வாங்கலாமா? (குரூப்: வடசென்னை சொந்தங்கள்)

ஞாயிறு, காலை 8:41

நான்: மாதவரத்துல ஒரு பழைய வண்டி கடைல நிக்கிறேன். பிஎம்டபிள்யூ 325ஐ, 2009 மாடல், ஓட்டம் 92,000. பாக்க சோக்கா இருக்கு. வெல இன்னும் பேசல. இன்ஜின், கூலிங் பக்கம் இன்னா இன்னா பாக்கணும்?

கொருக்குப்பேட்டை சித்தப்பா: மொதல்ல பானெட்டுல கை வை. சூடா, ஜில்லா?

நான்: லேசா சூடு. காலைல ஒரு ரவுண்டு எடுத்தாங்களாம்.

கொருக்குப்பேட்டை சித்தப்பா: ஆளு வர்றான்னு தெரிஞ்சு சூடேத்தி வச்சிட்டாங்க. ஜில்லுனு இருக்கச்சொல்ல ஸ்டார்ட் பண்ணாத்தான் சத்தம், புகை எல்லாம் உண்மை பேசும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி) மூடிய இப்ப தொறக்காத. கை வெந்துடும்.

ராயபுரம் அண்ணன்: டேய், 325 தான? 320 இல்லையே? 320ல நாலு சிலிண்டர், வாட்டர் பம்பு பேன் பெல்ட்டுல ஓடும். 325ல ஆறு சிலிண்டர், என்52 இன்ஜின். அதுல பம்பு கரண்ட்ல ஓடும். பாக்க வேண்டியதே வேற.

நான்: 325 தான். ஆர்சில பாத்துட்டேன்.

திருவொற்றியூர் அத்தை: ஆர்சி 15 வருஷம் முடிஞ்சு ரெனியூவல் ஆயிருக்கா கண்ணு? பச்சை வரி கட்டுன ரசீதும் கேளு.

நான்: ஆயிருக்கு அத்தை.

ராயபுரம் அண்ணன்: ப்ளூடூத் ஓபிடி அடாப்டர், அதான் வண்டி கம்ப்யூட்டர் சொல்றதைப் போன் ஆப்ல காட்டுமே, அது பைல இருக்கா? ஸ்டியரிங்குக்குக் கீழ சொருகு. இந்த வண்டில டெம்பரேச்சர் ஊசியே கிடையாது. ஊசி இருக்க வேண்டிய எடத்துல பெட்ரோல் எவ்ளோ குடிக்குதுன்னு காட்டும். சூடு ஏறுனா மஞ்ச விளக்கு, அப்பால செவப்பு, அவ்ளோதான். செவப்பு வந்தப்பறம் வண்டி ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் ஹெட்டுக்கு (இன்ஜினோட மேல்பாகம்) ஆபத்து. அதனால போன்ல நம்பர் பாக்கறது தான் வழி.

காலை 9:02

நான்: 106 டிகிரி காட்டுது! நிறுத்திடவா??

ராயபுரம் அண்ணன்: நிறுத்தாத. அது நார்மல்.

நான்: மாருதில 95 தாண்டுனாலே பேஜாருனு சொல்வாங்களே

ராயபுரம் அண்ணன்: அந்தக் கணக்கு இங்க செல்லாது. என்52ல கம்ப்யூட்டரே எவ்ளோ சூடு வேணும்னு முடிவு பண்ணும். மெதுவா ஓட்டுனா 112 வரைக்கும் விடும், சாதாரணமா 105, வேகம் ஏத்துனா 95, நல்லா மிதிச்சா தெர்மோஸ்டாட்டுக்கு (சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் தண்ணி விடற வால்வு) கரண்ட் குடுத்து 80க்கு எறக்கும். சூடா இருந்தா ஆயில் எளகி உராய்வு கொறையும், பெட்ரோல் மிச்சம். லோடு ஏறும்போது நாக்கிங் (பெட்ரோல் கண்டபடி வெடிச்சு இன்ஜின் தட்டற சத்தம்) வரக்கூடாதுன்னு ஜில்லு பண்ணும். 106ஐப் பாத்துப் பயந்து தெர்மோஸ்டாட்டை கழட்டி எறிஞ்சிட்டு ஓட்ற ஆளுங்க உண்டு. அப்படிச் செஞ்சா இன்ஜின் சூடே ஏறாது, மைலேஜும் அடிவாங்கும், செக் இன்ஜின் விளக்கும் அணையாது.

பெரம்பூர் மாமா: ஒண்ணு சேத்துக்கறேன். 105 டிகிரில தண்ணி ஏன் கொதிக்கல? அழுத்தத்துல இருக்கு, அதான். சீல் சரியா இருந்தா 1.4 பார் அழுத்தத்துல வெறும் தண்ணிகூட சுமார் 126 டிகிரில தான் கொதிக்கும், கூலன்ட் கலந்தா இன்னும் மேல. மூடியோட ரப்பர் காஞ்சு அழுத்தம் நிக்கலேன்னா அதே 105ல குபுகுபுன்னு பொங்கிடும். பம்பு, ரேடியேட்டர் எல்லாம் நல்லா இருந்தும் மூடி ஒண்ணால வண்டி ரோட்டுல நிக்கும். மூடி மேல 140, இல்ல 200ன்னு போட்டிருக்கும். மாத்தும்போது அதே நம்பர் தான் வாங்கணும். பெரிய நம்பர் நல்லதுன்னு நெனச்சு மாட்டுனா அழுத்தம் ஏறி பழைய பிளாஸ்டிக் பிளந்துடும்.

கொருக்குப்பேட்டை சித்தப்பா: சரியா சொன்ன மச்சான். சின்னவனே, இப்ப ஏசி ஃபுல்லா போட்டு பத்து நிமிஷம் ஐடில்ல விடு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் பின்னாடி நிக்கிற மாதிரின்னு வச்சிக்க. நம்பரை மட்டும் போடு.

நான்: 107
நான்: 109
நான்: 113
நான்: 116 😬

கொருக்குப்பேட்டை சித்தப்பா: போதும். ஏசிய அணை. மெதுவா ஒரு தெரு சுத்திட்டு வா, நாப்பதுல போ.

காலை 9:21

நான்: ஓட ஆரம்பிச்சதும் 104க்கு வந்துடுச்சு.

கொருக்குப்பேட்டை சித்தப்பா: அப்ப பம்பு இன்னிக்கி உசுரோட இருக்கு, காத்துதான் பத்தல. ஞாபகம் வச்சிக்க: நின்னா ஏறி ஓடுனா எறங்குனா, ஃபேனோ முன்னாடி அடைப்போ. நின்னா சரியா இருந்து ஓடுனா ஏறுச்சுன்னா, பம்போ ரேடியேட்டர் உள்அடைப்போ. ஏசி போட்டதும் ஃபேன் சத்தம் கேட்டுச்சா?

நான்: சுத்துது. ஆனா மெதுவா தான். முன்னாடி கிரில்லு வழியா எடுத்தேன் 📷 போட்டோ

ராயபுரம் அண்ணன்: அடேங்கப்பா, கம்பளி போத்துன மாதிரி இருக்கு

கொருக்குப்பேட்டை சித்தப்பா: ஏசி கண்டென்சர்ல லாரி தூசியும் பூச்சியும் அப்பி இருக்கு. அதுக்குப் பின்னாடி ரேடியேட்டர், ரெண்டுக்கும் நடுவுலதான் முக்கால்வாசி குப்பை நிக்கும். வாட்டர் வாஷ்ல கிட்ட இருந்து பிரஷர் கன்னால அடிச்சா ஃபின்னு (மெல்லிசு தகடு) மடங்கி இன்னும் மோசமாவும். ஃபேனை வெளிய எடுத்துட்டு, சாதாரண ஹோஸ்ல, இன்ஜின் பக்கத்துல இருந்து முன்னாடி பக்கமா தண்ணி விடணும். கடலோரம் நின்ன வண்டின்னா ஃபின்னு உப்புல பொடிஞ்சிருக்கும், விரலால தொட்டாலே உதிரும். அப்படின்னா கழுவிப் பிரயோஜனம் இல்ல, புதுசு தான். ஃபேன் மெதுவா சுத்தறதைத் தனியா பாக்கணும், அதோட கன்ட்ரோல் மாட்யூல் வயசானா பாதி வேகத்துலயே நிக்கும்.

பெரம்பூர் மாமா: கூலன்ட் டேங்கோட ஒட்டுத் தையல்ல டார்ச் அடிச்சுப் பாரு. அப்பால இன்ஜின் முன்பக்கம், ஹெட்டுல ஹோஸ் வந்து சேர்ற பிளாஸ்டிக் ஃபிளேஞ்சு. கறுப்பா, ரெண்டு காதோட இருக்கும்.

நான்: டேங்க் தையல்ல வெள்ளையா உப்பு மாதிரி ஒரு கோடு. ஃபிளேஞ்சுல ஒண்ணும் தெரியல.

பெரம்பூர் மாமா: அந்த வெள்ளைக் கோடு தான் லீக். சூட்டுல கசிஞ்சு அங்கயே காஞ்சிடும், அதனால கீழ ஒரு சொட்டுகூட இருக்காது. ஃபிளேஞ்சு கசியாது, ஒரு நாள் படக்குனு ஒடையும். பதினாறு வருஷம் வெந்த பிளாஸ்டிக் பிஸ்கட்டு மாதிரி. ஹோஸைக் கழட்டும்போதே கையோட வந்துடும். அதுக்குப் பதிலா அலுமினியத்துல வார்த்தது கிடைக்குது, அதையே போட்டுடலாம்.

திருவொற்றியூர் அத்தை: கூலன்ட் இன்னா கலரு?

நான்: டேங்க் வழியா பாத்தா வெளிறின பச்சை மாதிரி தெரியுது. "புது கூலன்ட் போட்டாச்சு"ன்றாங்க.

திருவொற்றியூர் அத்தை: இந்த வண்டிக்கு நீலம். ஜி48 வகை, சிலிகேட் இருக்கும். கலரை வச்சு மட்டும் முடிவு பண்ணக் கூடாது, ஆனா வெளிறி இருக்குன்னா நெறைய தண்ணி ஊத்தி இருக்காங்கன்னு அர்த்தம். எந்தத் தண்ணின்னு கேளு.

நான்: "நல்ல தண்ணி தான்"ன்றாரு 😐

திருவொற்றியூர் அத்தை: போச்சு. அப்ப போர் தண்ணியாத்தான் இருக்கும். மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நெலத்தடில கடல் தண்ணி ஏறி எத்தனையோ வருஷமாச்சு. போர் தண்ணில கால்சியமும் இருக்கு, குளோரைடும் இருக்கு. கால்சியம் சூடான எடமா பாத்துப் படியும், டீ கெட்டில்ல படியற மாதிரி. குளோரைடு அலுமினியத்தை ஊசி ஓட்டையா அரிக்கும். கேன் தண்ணியும் வேணாம், அது குடிக்கத்தான். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர், சீல் ஒடைக்காத கேன்ல. தண்ணில உப்பு எவ்ளோன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் வச்சா பூஜ்யத்துக்குப் பக்கத்துல நிக்கணும். ஆசிட் கலந்ததைத் தூக்கிட்டு வந்துடாத!

ராயபுரம் அண்ணன்: நம்மூருல தண்ணி உறையவா போவுது, கூலன்ட் எதுக்குன்னு ஒரு கோஷ்டி இன்னும் கேக்குது.

திருவொற்றியூர் அத்தை: அதுல இருக்கற துரு தடுப்பு மருந்துக்காகத்தான். அது மூணு நாலு வருஷத்துல தீந்துடும், கலரு மட்டும் அப்படியே இருக்கும். சரிக்குச் சரி கலக்கணும். கேன்ல "ரெடி டு யூஸ்"னு இருந்தா ஏற்கெனவே தண்ணி கலந்தது, அதுல மறுபடியும் பாதி ஊத்துனா கால் பங்கு மருந்து தான் மிஞ்சும். மொத்தம் சுமார் எட்டு லிட்டர் புடிக்கும். வடிச்சா முழுசும் வராது, பிளாக்குல கொஞ்சம் தங்கும். அதனால மொதல்ல டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஓட்டி, வடிச்சு, நெறம் போற வரைக்கும் திரும்பத் திரும்ப செய்யணும்.

பெரம்பூர் மாமா: இந்த இன்ஜின்ல போல்ட்டையும் பாக்கணும். பிளாக்கு வெளிக்கூடு மக்னீசியம், உள்ள அலுமினியம். அதனால போல்ட்டும் அலுமினியம். இரும்பு போல்ட் போட்டா மக்னீசியமும் இரும்பும் ஈரத்துல பேட்டரி மாதிரி வேலை செஞ்சு மக்னீசியத்தை அரிச்சுடும். அந்த போல்ட்டை ஒரு தடவை முறுக்குனா நீண்டுடும், கழட்டுனா குப்பைல போட்டு புதுசு வாங்கணும். முன்னாடி எவனாவது கை வச்சிருக்கானான்னு தெரிய ஒரு காந்தம் போதும். பம்பு போல்ட்டுல ஒட்டுச்சுன்னா இரும்பு மாட்டிட்டான்.

காலை 9:48

ராயபுரம் அண்ணன்: ஆப்ல ஃபால்ட் கோடு (பழுதுக்கு வண்டி காட்டற நம்பர்) எதாச்சும் இருக்கா? ரெடினெஸ் மானிட்டர்னு ஒரு பக்கம் இருக்கும், வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சிடுச்சான்னு காட்டும், அதையும் பாரு.

நான்: கோடு ஒண்ணும் இல்ல. மானிட்டர்ல நெறைய "முடியவில்லை"ன்னு வருது.

ராயபுரம் அண்ணன்: நேத்தோ இன்னிக்கோ கோடை அழிச்சிருக்காங்க. அழிச்சா அந்த மானிட்டர் எல்லாம் ஆரம்பத்துக்குப் போயிடும், திரும்ப முடிய ரெண்டு மூணு நாள் ஓடணும். சாதா ஆப்ல பம்பு கோடு வராது, பிஎம்டபிள்யூக்குன்னு இருக்கற ஸ்கேனர் வேணும். 2இ81ல இருந்து 2இ85 வரைக்கும் வந்தா பம்பு. இந்த பம்பு பழசு மாதிரி கசிஞ்சு, கத்தி, எச்சரிக்கை குடுத்துட்டுச் சாகாது. உள்ள 200 வாட் மோட்டார், அதோட சர்க்யூட்டும் அதுக்குள்ளயே. நல்லா ஓடிட்டே இருந்துட்டு பட்டுனு நின்னுடும்.

நான்: அப்படி நடு ரோட்டுல நின்னா?

கொருக்குப்பேட்டை சித்தப்பா: ஏசிய அணைச்சு ஹீட்டரை ஃபுல் சூட்டுல வை. சூடான காத்து வந்தா தண்ணி சுத்துது, ஓரம் கட்ட நேரம் இருக்கு. ஜில்லுனு காத்து வந்தா தண்ணியே இல்ல, இல்லாட்டி பம்பு செத்துச்சு, உடனே இன்ஜினை நிறுத்து. மேல தண்ணி ஊத்தாத, ஹெட்டு விரிசல் விடும். "பக்கத்துல தான் வீடு, மெதுவா போயிடலாம்"னு நெனச்சா ஹெட்டு வளையும். இந்த பிளாக்குல சிலிண்டருக்குத் தனி ஸ்லீவ் இல்ல, பழைய வண்டி மாதிரி லேத்துல குடுத்து சிலிண்டரைக் கடைஞ்சு ஓட்டிடலாம்னு நெனைக்காத.

பெரம்பூர் மாமா: மஞ்சத்தூள் வைத்தியமும் வேணாம். ரேடியேட்டர் ஓட்டையை அடைக்குதோ இல்லையோ, ஹீட்டரை அடைச்சிடும்.

கொருக்குப்பேட்டை சித்தப்பா: ஆயில் பில்டர் கூடு பக்கம் பாத்தியா? அதோட கேஸ்கட் காஞ்சா ஆயில் நேரா பேன் பெல்ட் மேல சொட்டும். பெல்ட் ஊறி நார் நாரா பிஞ்சு, கிராங்க் சீல் வழியா உள்ள போன கதை எல்லாம் உண்டு. சின்ன ரப்பர் தான், விட்டா இன்ஜினுக்கே வேட்டு.

நான்: பெல்ட் ஓரம் பளபளன்னு ஈரமா இருக்கு 📷 போட்டோ. ஆயில் லெவல் பாக்கற டிப் ஸ்டிக் கம்பியைத் தேடுனேன், காணோம்.

ராயபுரம் அண்ணன்: இருக்காதுடா. லெவலு ஸ்க்ரீன்ல தான் வரும், நல்லா சூடானப்பறம் சமதளத்துல நிறுத்திப் பாக்கணும். மொத்தம் 6.5 லிட்டர். ஆயில் மூடிக்கு அடில பழுப்பு வெண்ணெய் மாதிரி இருக்கா?

நான்: லேசா.

கொருக்குப்பேட்டை சித்தப்பா: அத மட்டும் வச்சு ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல்) போச்சுன்னு முடிவு கட்டாத. குட்டி குட்டி ஓட்டம் ஓடுற வண்டில ஈரம் அப்படி நிக்கும். பிளாக் டெஸ்ட் பண்ணணும். நீல மருந்து, டேங்க் வாயில வச்சு காத்தை உறிஞ்சணும், பெட்ரோல் வண்டில இன்ஜின் புகை கூலன்ட்ல கலந்திருந்தா மஞ்சளாவும். மஞ்சளாச்சுன்னா வண்டிய விட்டுட்டு வந்துடு, வெலைய எவ்ளோ கொறைச்சாலும். நீலமாவே இருந்தா ஜில்லு இன்ஜின்ல கைபம்பு வச்சு ஒன்றரை பார் ஏத்தி, முள்ளு எறங்காம பத்து நிமிஷம் நிக்குதான்னு பாக்கணும். அந்த டேங்க்கோட நிக்காது, எழுதி வச்சிக்க. ஆனா வேற எங்க எல்லாம் கசியுதுன்னு காட்டிக் குடுக்கும்.

நான்: அப்ப வாங்கலாமா, வேணாமா?

கொருக்குப்பேட்டை சித்தப்பா: மருந்து நீலமா நின்னா வாங்கலாம். ஆனா பம்பு, தெர்மோஸ்டாட், டேங்க், மூடி, ஃபிளேஞ்சு, மேல கீழ ஹோஸு, பெல்ட், ஆயில் பில்டர் கேஸ்கட், இதெல்லாம் ஒரே தடவைல மாத்தற செலவை வெலைல கழிச்சுப் பேசு. ஒண்ணு ஒண்ணா ஒடையட்டும்னு உட்டா ஒவ்வொரு தடவையும் அதே எட்டு லிட்டர் கூலன்ட்டை வடிக்கணும், அதே கூலி குடுக்கணும். பம்பு மட்டுமே ஐந்து இலக்கம். புதுப்பேட்டைல பழசு கிடைக்கும், கதவு, கண்ணாடி, சீட்டுன்னா வாங்கு. பம்பு வாங்காத. ஜிபி ரோட்டுல புதுசு, டப்பா சீலோட.

ராயபுரம் அண்ணன்: மாத்துனப்பறம் ஏர், அதாவது கூலன்ட்ல சிக்குன காத்து, எடுக்கறத மறந்துடாதீங்க. கண்ட மெக்கானிக்கும் மூடியத் தொறந்து வச்சு ரேஸ் பண்ணுவான், இதுல அது ஆவாது. பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷன் மட்டும் ஆன். ஹீட்டர் ஃபுல் சூடு, காத்து குறைஞ்ச வேகம். ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் பத்து விநாடி மிதிச்சுப் புடி. பம்பு தானா சுமார் 12 நிமிஷம் ஓடி காத்தை வெளிய தள்ளும். நின்னதும் லெவல் பாத்து ஊத்திட்டு இன்னொரு தடவை. சார்ஜர் இல்லேன்னா நடுவுல பேட்டரி படுத்துடும்.

நான்: கடைக்காரர் நாளைக்கு காலைல டெஸ்ட் பண்ண விடுறேன்றாரு. வண்டிய ஸ்டார்ட் பண்ண மாட்டாராம்.

கொருக்குப்பேட்டை சித்தப்பா: ஆறரைக்கே போயிடு. மருந்தும் கைபம்பும் நான் எடுத்துட்டு மூலக்கடை சிக்னல்ல நிக்கிறேன்.

பெரம்பூர் மாமா: காந்தம் என்கிட்ட இருக்கு. ராத்திரி வந்து வாங்கிக்க.

திருவொற்றியூர் அத்தை: பானெட்டுல கை வச்சுப் பாத்துட்டு அப்பால பேசு கண்ணு.