பவர்கிளைடு கழற்றி மன்சி நாலு கியர் ஏற்றிய 1967 இம்பாலா: எஞ்சின் ஓடும்போது கியர் விழவில்லை

இம்பாலா67:
வணக்கம். கார் 1967 செவர்லே இம்பாலா, 327 எஞ்சின், கம்பெனியிலிருந்து வந்ததே பவர்கிளைடு ஆட்டோமேட்டிக். அதை இறக்கிவிட்டு மன்சி எம்20 என்ற நாலு கியர் மேனுவல் பெட்டியை ஏற்றியாகிவிட்டது. ஃப்ளைவீல் 168 பல், கிளட்ச் 11 அங்குலம், டயஃப்ரம் பிரஷர் பிளேட் (கிளட்ச் தட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது), வார்ப்பு எண் 621 என்று முடியும் பழைய பெல் ஹவுசிங் (எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள கூடு), பழைய இசட்-பார் லிங்கேஜ் (பெடல் அசைவைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் கம்பி அமைப்பு). கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துவது), பைலட் புஷ் (கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்கும் வளையம்) மூன்றும் புதுசு.

எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுகிறது. ஸ்டார்ட் செய்தால் ரிவர்ஸ் கரகரவென்று கத்துகிறது, முதல் கியர் அழுத்தித் தள்ளினால்தான் போகிறது. கியரில் போட்டு, கிளட்ச்சை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் கார் மெல்ல நகர்கிறது. எஞ்சின் சூடானால் இன்னும் மோசம். பெடல் ஃப்ரீ ப்ளே (பேரிங் விரல்களைத் தொடும் முன் பெடல் வெறுமனே இறங்கும் தூரம்) 1 அங்குலம் இருக்கிறது. பெட்டியை இறக்காமல் காரணம் கண்டுபிடிக்க வழி உண்டா?

பல்சக்கரம்:
கிளட்ச் மிதித்த பிறகும் இன்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கிறது. மன்சியில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, அதனால் அதுதான் முதலில் கத்தும். ஷாஃப்டை எது சுற்றுகிறது என்பதுதான் கேள்வி. ஒன்று, கிளட்ச் தட்டு முழுதாகப் பிரியவில்லை. இரண்டு, தட்டு பிரிந்தும் பைலட் புஷ் ஷாஃப்ட் முனையைப் பிடித்துக்கொண்டு கிராங்க்கோடு சேர்த்துச் சுற்றுகிறது.

பிரிக்க எளிய சோதனை: இசட்-பாரிலிருந்து, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்குக்குப் போகும் ராடின் நட்டைத் திருகி, ஃப்ரீ ப்ளேயைத் தற்காலிகமாக ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது ரிவர்ஸ் கத்துவது நன்றாகக் குறைந்தால் குறை ஃபோர்க் நகரும் தூரத்தில். கொஞ்சமும் மாறாவிட்டால் சந்தேகம் பைலட் மேல். இந்த நிலையில் வண்டியை ரோட்டில் ஓட்டாதீர்கள், பேரிங் எப்போதும் விரல்களைத் தொட்டபடி சுற்றித் தேயும். சோதனை முடிந்ததும் 1 அங்குலத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

அடுத்து, பின்சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி, எஞ்சினை அணைத்து, நாலாவது கியரில் போடுங்கள். அதுதான் 1:1. ஒருவர் கிளட்ச்சை மிதித்துப் பிடிக்க, நீங்கள் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினிலும் சூடான எஞ்சினிலும் பாருங்கள்.

ரிலீஸ் பேரிங் நீளத்தையும் சொல்லுங்கள். விரல்கள் வளைந்து வெளியே நிற்கும் டயஃப்ரத்துக்குக் குட்டை பேரிங், சுமார் 1¼ அங்குலம். விரல்கள் தட்டையாக இருந்தால் நீள பேரிங், சுமார் 1¾. தட்டை விரலுக்குக் குட்டை பேரிங் போட்டால் ஃபோர்க் தன் தூரத்தில் பாதியை வீணாக்கும், தட்டு பிரியவே பிரியாது.

டயல்கேஜ்:
ஒரு கேள்வி. பெட்டி பெல்லோடு முகம் சேரும்வரை கையாலேயே உள்ளே போனதா, அல்லது நாலு போல்ட்டையும் இறுக்கி இழுத்து உட்கார வைத்ததா?

இம்பாலா67:
விரல்கள் தட்டை, பேரிங் நீளமானது. நட்டைத் திருகிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. குளிர்ந்தபோது ஷாஃப்ட் கையால் சுற்றுகிறது, ஆனால் இறுக்கம் தெரிகிறது. சூட்டில் இரண்டு கையும் வேண்டும். பெட்டி கடைசி கால் அங்குலம் போல்ட்டால்தான் உள்ளே போனது.

டயல்கேஜ்:
அந்தக் கால் அங்குலத்தில்தான் விஷயம் இருக்கிறது. பெட்டியை இறக்க வேண்டும், வேறு வழியில்லை. மன்சி தானாக வழுக்கிப் போய் உட்கார வேண்டிய பெட்டி. போல்ட்டால் இழுத்தால் அலுமினியக் கூட்டின் போல்ட் காதுகள் உடையும், தட்டின் நடு ஹப் வளையும், புஷ் நசுங்கும். இறக்கியதும் நாலு காதுகளிலும் விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள்.

பைலட்: கிராங்க் பின்முனைத் துளையை அளக்கவும். புஷ் வெளிவிட்டம் 1.094 அங்குலம், உள்விட்டம் சுமார் 0.590. ஆட்டோமேட்டிக்கோடு வந்த சில எஞ்சின்களில் இந்தத் துளையை முழு அளவுக்குக் கடைந்திருக்க மாட்டார்கள், ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வர்ட்டருக்கு அது தேவையில்லை. சிறிய துளையில் புஷ்ஷை அடித்து ஏற்றினால் உள்விட்டம் சுருங்கி ஷாஃப்ட் முனையைப் பிடிக்கும். சூட்டில் மோசமாவது இதோடு ஒத்துப்போகிறது. பழைய புஷ்ஷை எடுக்க உட்புறம் முழுக்க கிரீஸ் அடைத்து, ஷாஃப்ட் முனை அளவுள்ள கம்பியை வைத்து அடித்தால் கிரீஸ் பின்னாலிருந்து தள்ளி வெளியே கொண்டுவரும்.

புது புஷ்ஷில் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் இரும்பு கலந்தது, வேண்டாம். சுத்த வெண்கலமாக வாங்குங்கள். எண்ணெயில் ஊறவைத்து, சரிவு வெட்டிய முகம் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும்படி ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு இன்புட் ஷாஃப்டைத் தனியாகவோ, அதே அளவுள்ள அலைன்மென்ட் கருவியையோ நுழைத்துச் சுற்றிப் பாருங்கள். விரலால் சுற்ற வேண்டும்.

இதோடு நிற்காதீர்கள். பழைய பெல்லை வேறு எஞ்சினுக்கு மாற்றும்போது மையம் விலகியிருப்பது சாதாரணம். அது விலகியிருந்தால் புது புஷ்ஷும் கொஞ்ச நாளில் இதே கதிக்கு வரும். கிளட்ச்சைக் கழற்றிவிட்டு, பெல்லை மட்டும் பிளாக்கில் முறையாக இறுக்குங்கள். டயல் கேஜின் காந்த அடியை ஃப்ளைவீலில் ஒட்டி, முள்ளை பெல்லின் நடுத் துளை உள்சுவரில் வையுங்கள். அந்தத் துளை 4.686 அங்குலம் இருக்க வேண்டும். லாரி பெல் என்றால் 5.125 இருக்கும், அதில் இந்தப் பெட்டி மையமே பிடிக்காது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி கிராங்க்கைக் கையால் முழுச் சுற்று சுற்றி, அதிக அளவுக்கும் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள். 0.005 அங்குலத்துக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் ஆஃப்செட் டவல் பின் (பெல்லை பிளாக்கில் நிலைநிறுத்தும், மையம் விலக்கிச் செய்த பின்) போட வேண்டும். 0.007, 0.014, 0.021 என்று கிடைக்கும். கேஜ் காட்டுவதில் பாதிதான் உண்மையான விலகல் என்பதை மறக்காமல் அளவைத் தேர்ந்தெடுங்கள்.

நெடுஞ்சாலை:
இடையில் ஒரு கேள்வி. என்னிடமும் இதே வகைக் கார், பின் ஆக்சில் விகிதம் 3.08. எம்20 போட்டால் போதுமா?

பல்சக்கரம்:
ஓடும், ஆனால் கிளம்பும்போது கிளட்ச் கஷ்டப்படும். பவர்கிளைடின் லோ கியர் 1.76 அல்லது 1.82தான், ஆனால் கன்வர்ட்டர் நிற்கும் நிலையில் டார்க்கை ஏறக்குறைய இருமடங்காக்கும். அதனால் 3.08 ஆக்சிலில் அந்தக் கனமான கார் கிளம்பிவிடும். எம்20-இன் முதல் கியர் 2.52, ஆக்சிலோடு பெருக்கினால் மொத்தம் 7.8தான் வரும். 3.55 ஆக்சில் என்றால் 8.9, அது நகரத்துக்கும் பொருந்தும். நெடுஞ்சாலைதான் முக்கியம் என்றால் ஐந்து கியர் ட்ரெமெக் டி.கே.எக்ஸ் பாருங்கள். 2.87 முதல் கியரும் 0.68 ஐந்தாம் கியரும் உள்ள வகையில், 3.55 ஆக்சிலோடு முதல் கியர் மொத்தம் 10.2. 27 அங்குல டயரில் மணிக்கு 70 மைல் போகும்போது நாலாவதில் சுமார் 3,100 ஆர்.பி.எம், ஐந்தாவதில் 2,100. இதற்கு யோக் (ப்ரொப்பல்லர் ஷாஃப்டைப் பெட்டியோடு சேர்க்கும் முனை) மாறும். பவர்கிளைடும் பழைய மன்சியும் 27 ஸ்ப்லைன் (ஷாஃப்டில் வெட்டிய பல்வரி), ஒரே யோக் போதும். டி.கே.எக்ஸ் 31 ஸ்ப்லைன். எதைப் போட்டாலும், யோக் கடைசிவரை போய் முட்டிய இடத்திலிருந்து முக்கால் முதல் 1 அங்குலம் வெளியே நிற்க வேண்டும்.

இம்பாலா67:
இறக்கியாயிற்று. காதுகளில் விரிசல் இல்லை. புஷ்ஷில் காந்தம் ஒட்டியது, உட்புறம் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. கிராங்க் துளை அளவு சரி. பெல் துளை 4.686, ஆனால் கேஜ் வித்தியாசம் 0.018.

டயல்கேஜ்:
ஒரு பக்கத் தேய்மானமும் 0.018-உம் ஒன்றுக்கொன்று சாட்சி. பாதி 0.009. 0.007 பின் ஜோடி போடுங்கள், 0.002 விலகல் மிஞ்சும், கேஜில் 0.004 தெரியும், போதும். 0.014 எடுத்தால் எதிர்ப்பக்கம் 0.005 போய்விடும். பழைய பின்களை வைஸ் கிரிப்பால் சுற்றி இழுத்தால் வரும். புதியவை இரண்டிலும் உள்ள குறி ஒரே திசையைப் பார்க்க வேண்டும். பெல்லை ஏற்றி, கேஜைப் பார்த்தபடி இரண்டையும் ஒரே அளவு திருப்பி, குறைந்த அளவு வந்ததும் நிறுத்துங்கள்.

கழற்றியிருக்கும்போதே கிராங்க்கின் முன்பின் அசைவையும் பாருங்கள். 0.002 முதல் 0.006 அங்குலம் இருக்க வேண்டும். கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னே தள்ளப்படும். இந்தத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்த எஞ்சினில் எந்த கிளட்ச்சும் நிலைக்காது.

பல்சக்கரம்:
ஃப்ளைவீல் போல்ட்டுகளையும் சரிபாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் ஃப்ளைவீலுக்குப் பதிலாக இருக்கும் மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட்டின் போல்ட்டுகள் குட்டை, ஃப்ளைவீலுக்குப் போதாது. ஃப்ளைவீலுக்கு உரியவற்றை 60 அடி-பவுண்டுக்கும், பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்குவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக 35-க்கும் இறுக்குங்கள். 327 உள்ளேயே பேலன்ஸ் ஆன எஞ்சின், எடை ஒட்டாத ஃப்ளைவீல்தான் வேண்டும். 400 எஞ்சினின் ஃப்ளைவீல் போட்டிருந்தால் அதிர்வு வரும்.

இம்பாலா67:
0.007 பின்னில் 0.004 வந்தது. வெண்கல புஷ், பெட்டி கையாலேயே முகம் சேர்ந்தது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது, சூட்டிலும் அப்படியே. இரண்டு சில்லறை சந்தேகங்கள்: எஞ்சின் பிடித்து, சாவியை விட்ட பிறகு ஸ்டார்ட்டர் ஒரு கணம் ஊளையிடுகிறது. கியர் எண்ணெய் எது?

டயல்கேஜ்:
168 பல்லுக்கு ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட் துளைகளும் சாய்வாக இருக்கும், நேராக இருந்தால் அது 153 பல்லுக்கானது. துளை சரி என்றால், பிடித்த பிறகு ஊளையிடுவது பல் நெருக்கம். இரண்டு போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு ஷிம் (மெல்லிய தகடு) போடுங்கள். ஸ்டார்ட்டர் பல் முனைக்கும் ஃப்ளைவீல் பல் அடிக்கும் நடுவே 0.035 அங்குலக் கம்பி நுழைய வேண்டும். எண்ணெய் ஜி.எல்-4 வகை 80டபிள்யூ-90.

பல்சக்கரம்:
பவர்கிளைடின் வாக்யூம் குழாய் இருந்த இடத்தை எஞ்சின் பக்கம் அடைத்தீர்களா? திறந்திருந்தால் ஐட்லிங் குதிக்கும். ரேடியேட்டரில் ஆயில் கூலர் வாய்கள் இரண்டையும் மூடிவிடுங்கள். ஸ்டீயரிங் தண்டிலுள்ள நியூட்ரல் ஸ்விட்ச்சுக்குப் போன தடித்த ஊதா வயர்களை வெறுமனே ஒட்டிவிடாமல், கிளட்ச் பெடலில் ஒரு ஸ்விட்ச் வைத்து அதன் வழியாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் கியரில் இருக்கும்போது சாவியைத் திருப்பினாலே கார் பாயும்.