பெரியவீடு குடும்பம்

செல்வி அத்தை: திங்கக்கிழமை மாமாவுக்குச் செயற்கைக் காலுக்கு அளவு எடுக்கறாங்க. சாதா முட்டியா கம்ப்யூட்டர் முட்டியான்னு கேக்கறாங்க. ஒண்ணும் புரியல

பாபு: கம்ப்யூட்டர்தான் அத்தை. காச நான் பாத்துக்கறேன்

ராஜா சித்தப்பா: எவ்ளோ

பாபு: லட்சக்கணக்குல

ராஜா சித்தப்பா: 😳

சேகர் பெரியப்பா: அன்னைக்கு மேட்டு நிலத்தை அவசரப்பட்டு விக்காம இருந்தா சின்னப்பய கிட்ட கை நீட்ட வேணாம்

ராஜா சித்தப்பா: அதை ஏன் இப்ப எடுக்கறீங்க அண்ணே

செல்வி அத்தை: ரெண்டு பேரும் நிறுத்துங்க. கவிதா எங்க

கவிதா: டூட்டில இருந்தேன் அத்தை. நீளமா எழுதறேன், முழுசா படிங்க. கம்ப்யூட்டர் முட்டின்னா மோட்டார் காலைத் தூக்கி விடும்னு நினைக்காதீங்க. 1997ல வந்த சி-லெக்ங்கற கம்ப்யூட்டர் முட்டி மாதிரி, உள்ள ஹைட்ராலிக் எண்ணெய்தான். எடை எவ்ளோ விழுது, முட்டி எந்தக் கோணத்துல மடங்குதுன்னு சென்சார் பாத்துக்கிட்டே இருக்கும், அதுக்கேத்த மாதிரி வால்வு இறுகும், தளரும். நடக்கறது மாமாதான். தடுக்குனா சட்டுனு மடங்காது. படியிலயும் சரிவுலயும் இறங்கறப்ப எடையைத் தாங்கி மெதுவா மடங்கும். வேகத்தை மாத்துனாலும் கூடவே வரும்.

கவிதா: சாதாவுலயும் பல விதம். பூட்டு முட்டின்னா விறைச்ச காலோட நடக்கணும், உக்காரறப்பதான் பூட்டைத் திறக்கணும். நாலு இணைப்பு வச்ச பாலிசென்ட்ரிக் நல்லது. நிக்கறப்ப உறுதி, காலை வீசறப்ப பாதம் தரையில இடிக்காது. ஜெய்ப்பூர் முட்டி இந்த ரகம். ஐஐடி மெட்ராஸ் 2022ல கொண்டு வந்ததும் இதான், 160 டிகிரி மடங்கும், பஸ்ல ஆட்டோல நெருக்கி உக்காரலாம்.

ராஜா சித்தப்பா: 👍 பாதி படிச்சேன்

பாபு: சார்ஜ் தீந்துட்டா?

கவிதா: சி-லெக்ல முட்டி இறுகிக்கும். தொளதொளன்னு ஆகாது. ராத்திரி தூங்கறப்ப சார்ஜ் போட்டுடணும்

செல்வி அத்தை: இங்க அடிக்கடி கரண்ட் போகுதே

சேகர் பெரியப்பா: வயல் சேறு?

கவிதா: 2015ல வந்த சி-லெக் 4 நனைஞ்சா தாங்கும். அதுக்காக நாத்தங்கால்ல இறங்கக் கூடாது

அமுதா சித்தி: ஞாயிறு காதுகுத்துக்கு எத்தனை பேர்? சமையல்காரர் கேக்கறார்

ராஜா சித்தப்பா: நாங்க 6

பாபு: சித்தி இங்க மாமா கால் பத்திப் பேசிட்டிருக்கோம்

அமுதா சித்தி: தெரியும்ப்பா. அவருக்கும் சேத்துதான் இலை

மூர்த்தி மாமா: எல்லாம் படிச்சேன். வரப்புல விழாம நடக்கணும். அவ்ளோதான் எனக்கு

கவிதா: மாமா, எந்த முட்டி போட்டாலும் சாக்கெட், அதான் தொடையைச் சொருகற கிண்ணம், பொருந்தலன்னா புண்ணாயிடும், காலைக் கழட்டி மூலையில வச்சிடுவீங்க. ஆபரேஷன் ஆன தொடை வீக்கம் வத்தி இன்னும் சிறுக்கும், சாக்கெட்டையும் மாத்த வேண்டி வரும். அதனால முதல்ல பாலிசென்ட்ரிக்ல நடந்து பழகுங்க, தொடை ஒரு அளவுல நின்னப்புறம் கம்ப்யூட்டருக்குப் போலாம்ங்கறது என் எண்ணம். ஆனா விழற பயம் ரொம்ப இருந்தா இப்பவே அது. ட்ரையல் சாக்கெட் வந்ததும் ரெண்டையும் மாட்டி நடந்து பாக்கணும்னு கண்டிப்பா கேளுங்க

பாபு: ரெண்டு செலவு எதுக்கு. நேரா நல்லதையே வாங்கிடலாம்

மூர்த்தி மாமா: உன் காசு உன் பிள்ளைக்கு இருக்கட்டும்

பாபு: மாமா ப்ளீஸ்

சேகர் பெரியப்பா: மாப்பிள்ளை, அதை ஞாயித்துக்கிழமை நேர்ல பேசுவோம்

செல்வி அத்தை: கவிதா திங்கக்கிழமை நீயும் வந்துடேன்

கவிதா: லீவு கேக்கறேன் அத்தை

அமுதா சித்தி: அப்ப 40 சொல்லவா 45 சொல்லவா