டெக் சேரும் சுவரில் ஈரம்: தகட்டை மட்டும் செருகலாமா?

கேள்வி: ஒட்டாவாவில் நாங்கள் வாங்கிய வீட்டில், வினைல் சைடிங்கின் (சுவரின் வெளிப்புறத்தை மூடும் பிளாஸ்டிக் பட்டைகள்) மேலேயே லெட்ஜர் பலகையை (டெக்கைச் சுவரோடு பிணைத்துத் தாங்கும் பலகை) போல்ட் போட்டு டெக் (வீட்டை ஒட்டிய திறந்த மர மேடை) கட்டியிருக்கிறார்கள். பனி உருகும்போது நிலவறைச் சுவர் நனைகிறது. குழந்தைகள் விளையாடும் இடம் அது. சைடிங்குக்குப் பின்னால், தண்ணீரை வெளியே திருப்பிவிடும் தகடு செருகினால் போதுமா?

பதில்: போதாது, தம்பி. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். சைடிங்கைக் கழற்றியபோது உள்ளிருந்த ஒட்டுப்பலகையில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை இறங்கியது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. முதலில் டெக்குக்கு முட்டுக்கொடுத்துவிட்டு லெட்ஜரைக் கழற்றுங்கள். அழுகியதை மாற்றி, ஒட்டும் நீர்த்தடுப்புப் படலத்தைச் சுவரில் ஒட்டி, அதன்மேல் லெட்ஜரைப் பொருத்துங்கள். தகட்டின் கீழ் மடிப்பு லெட்ஜரின் தலையை மூட வேண்டும். மேல் விளிம்பு, சைடிங்குக்கு அடியில் சுவரை மூடியிருக்கும் நீர்த்தடுப்புக் காப்புத்தாளுக்குப் பின்னால் போக வேண்டும். மாற்றிச் செருகினால் தண்ணீரை நீங்களே உள்ளே அழைத்ததாகும்.

கேட்டவர்: மிக்க நன்றி, அண்ணா. கையில் அலுமினியத் தகடு இருக்கிறது.

பதில்: அதை வைக்காதீர்கள். அழுகாமலிருக்கப் பதப்படுத்திய மரத்திலுள்ள செம்பு அதை அரித்துவிடும். பிவிசி தகடு வாங்குங்கள்.

மற்றொருவர்: சைடிங்கைத் திரும்ப மாட்டும்போது ஆணியை இறுக்க வேண்டாம். வெயிலில் வினைல் நீளும்; இடமில்லையென்றால் நெளிந்துவிடும்.