சாம்பிராணியும் இம்பேபோவும்

தடைசெய்யப்பட்ட மந்திரத்தையும் இரண்டு சிறுமிகளின் நட்பையும் வைத்து இளையோருக்குச் சரித்திர மாயக்கதை எழுதிவரும் தோழி, "இப்படித் தடைக்கு நடுவே மந்திரத்தையும் நட்பையும் நேரில் கண்டவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். நான் கண்டிருக்கிறேன்.

எங்கள் ஆயா குறி சொல்பவர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கேட்டோ மேனர் சரிவில் தகரவீட்டில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு ஜூலுப் பெண்மணி எலும்பு போட்டுக் குறி பார்க்கும் சங்கோமா. எனக்கு அவர் கோகோ, அதாவது பாட்டி. ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்டு 142 பேர் மாண்ட 1949 ஜனவரிக் கலவரத்திலும் அறுந்துபோகாத நட்பு அது. 1957-இல் சூனிய ஒழிப்புச் சட்டம் வந்தது. கூலிக்குக் குறி சொல்வதும், களவுபோன பொருள் எங்கே என்று சொல்வதும் குற்றமாயின. பிறகு இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டப்படி கோகோவை வடக்கே குவாமாஷுவுக்கும் எங்களைத் தெற்கே சாட்ஸ்வொர்த்துக்கும் துரத்தினார்கள். கோகோ இரண்டு பஸ் மாறி வருவார்.

அம்மாவின் மூக்குத்தி தொலைந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே கண்ணில் நிற்கிறது. ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்ப்பது என் வேலை. போலீஸ் வண்டி தெரிந்தால் இரும வேண்டும். தூபக்கால் தணலில் ஆயா சாம்பிராணியைத் தூவ, கோகோ, ஜூலுக்கள் தூபமாக எரிக்கும் உலர்ந்த இம்பேபோத் தழையைக் கிள்ளிப் போட்டார். அந்தக் கலந்த புகைதான் எனக்கு மந்திரம். அதே புகைதான் பயமும், ஏனென்றால் வாசனையை எந்தத் திரையாலும் மறைக்க முடியாது. கதை எழுதும் தோழி இதை விட்டுவிடக் கூடாது. ஒளிவெள்ளமும் இடிமுழக்கமும் வேண்டாம்.

கோகோ பாயில் எலும்புகளை வீசினார். ஆட்டின் கணுக்கால் எலும்புகள், கடற்சிப்பி, நடுவே ஆயா கொடுத்த சோழி. ஓரம் தேய்ந்து மஞ்சள் பாரித்த சோழி. அது குப்புற விழுந்தால் ஆயாவின் அம்மன் வாய் திறக்கவில்லை என்பது இருவருக்கும் உள்ள கணக்கு. அன்று குப்புறத்தான் விழுந்தது. "இன்று வேண்டாம்" என்று ஆயா தணலை அவித்தார். மூக்குத்தி கிடைக்கவே இல்லை. இருவரும் ஒரே தட்டில் சோறு சாப்பிட்டார்கள்.

*

மேலே எழுதியதைப் படித்து நானும் சொல்கிறேன். எங்கள் வீடு டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோவில். அப்பா கயிறு மந்திரித்துக் கட்டுவார். அவரோடு வேலை பார்த்த ஜூலு நண்பர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டிய பிறகுதான் வருவார். காசைக் கண்ணில் காட்டக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால் இரண்டு முட்டை கொண்டுவருவார். அந்தக் குழந்தை இப்போது பேரன் பேத்தி எடுத்தவர். ஈஸ்டரில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தவறாமல் வருகிறார். முன்னே எழுதியவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தச் சோழி என்னவாயிற்று?

*

முதலில் எழுதியது நான்தான். அந்தச் சோழி கோகோவின் மகளிடம் இருக்கிறது. அவர் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், எலும்பு போடுவதில்லை. துளையிட்டுச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறார்.