தொடாத வரிக்கெல்லாம் எச்சரிக்கை தரும் ஸ்டைல் சோதனை, எப்படித் திருத்துவது?

தக்கலைக்காரன்:
குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் கடைகளுக்கு ஒரு எடைக்கருவி செய்கிறோம், அதற்கு சி மொழியில் நிரல். ஐந்து பேர், எல்லாரும் வேலை முடிந்து ராத்திரியில் உட்காருகிறவர்கள். வருகிற பேட்ச் (நிரலில் செய்த மாற்றம்) ஒவ்வொன்றையும், நிரல் எழுதும் பாணியைச் சோதிக்கிற லினக்ஸ் கெர்னலின் செக்பேட்ச் ஸ்கிரிப்டில் ஓட்டிப் பார்த்துத்தான் சேர்ப்போம். போன வாரம் நாகர்கோவிலில் படிக்கிற ஒரு பையன் முதல் தடவையாக 4 வரி மாற்றி அனுப்பினான். 60க்கு மேல் எச்சரிக்கை, பெரும்பாலும் அவன் தொடாத வரிகளுக்கு. பயந்துபோய் அத்தனையையும் திருத்தி அனுப்பிவிட்டான். காற்புள்ளி போட்ட எண்களை ஒரு மேக்ரோவில் (எழுதிய இடத்தில் அப்படியே வந்து ஒட்டும் பெயர்) வைத்திருந்தோம், அதை அடைப்புக்குறிக்குள் போடச் சொன்னது கருவி, அவனும் போட்டான், கம்பைலும் ஆனது, ஆனால் அரேயில் (எண் வரிசையில்) கடைசி எண் மட்டும்தான் நின்றது. எடை தப்பாக வந்தபோதுதான் பிடித்தோம். பையன் மேல் குற்றமே இல்லை. கருவியை எப்படிச் சரிசெய்வது?

குளச்சல்_அலை:
அண்ணா, முதலில் உங்கள் ஸ்கிரிப்டில் மைனஸ் எஃப் (-f) என்ற ஆப்ஷன் இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் கோப்பு முழுவதையும் சோதிக்கும். பேட்சையே கொடுத்தால், சேர்த்த வரிகளை மட்டும்தான் பார்க்கும்.
மேக்ரோ விஷயம் வேறு. செக்பேட்ச் பெர்லில் எழுதியது, வரிகளை ரெகுலர் எக்ஸ்பிரஷனால், அதாவது எழுத்து வடிவத்தை வைத்து, பொருத்திப் பார்க்கிறதே தவிர சி மொழியை கம்பைலர் மாதிரி புரிந்துகொள்வதில்லை. அடைப்புக்குறி போட்டதும் காற்புள்ளி ஆபரேட்டராகி, கடைசி எண்ணை மட்டும் தந்துவிடுகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? கம்பைலரில் எச்சரிக்கைகளைக் காட்டும் வால் (-Wall) ஆப்ஷன் போட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

மார்த்தாண்டம்_மலை:
செக்பேட்சுக்கு ஷோ-டைப்ஸ் ஆப்ஷன் கொடுத்தால் ஒவ்வொரு எச்சரிக்கையின் வகைப் பெயரும் வரும். ஒரு மாதம் எழுதி வையுங்கள். நீங்களே வழக்கமாகத் தள்ளிவிடுகிற வகை எதுவோ, அதை கான்ஃபிக் கோப்பில் இக்னோர் போட்டுவிடுங்கள். கெர்னலிலேயே வரி நீளத்துக்கான எச்சரிக்கை எல்லையை 2020இல் 80 எழுத்திலிருந்து 100 ஆக்கினார்கள், விதி மாறக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இடைவெளி, டேப் எல்லாவற்றையும் தானாகவே சீராக்கும் கிளாங்-ஃபார்மேட்டிடம் விடுங்கள், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வழியாக ஓட்டினால் மாற்றிய வரிகளை மட்டும் தொடும். அதற்காக ஒரு புதுப் பையனிடம் போய் மல்லுக்கட்ட வேண்டாம்.

தக்கலைக்காரன்:
மைனஸ் எஃப் இருந்தது! நான்தான் இரண்டு வருஷம் முன்னால் போட்டேன். சரி, பழைய கோப்புகளை ஒரேயடியாகச் சீராக்கிவிடலாமா? அப்புறம் வரிக்கு வரி யார் மாற்றியது என்று காட்டும் கிட் பிளேமில் எந்த வரியைப் பார்த்தாலும் என் பெயர்தானே நிற்கும்?

குளச்சல்_அலை:
நிற்காது. சீராக்கிய அந்த கமிட்டின் (கிட்டில் பதிந்த மாற்றத்தின்) எண்ணை ஒரு கோப்பில் எழுதி, இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல் என்று பிளேமுக்குக் கொடுங்கள், அதைத் தாண்டிப் போய்விடும். 2019இல் வந்த கிட் 2.23 முதல் இருக்கிறது. ஆனால் காத்திருக்கும் பேட்சுகளை முதலில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் கான்ஃபிளிக்ட்டில் (ஒரே வரியில் இரண்டு மாற்றம் மோதுவதில்) மாட்டுவார்கள்.

தக்கலைக்காரன்:
பையனின் முதல் 4 வரியைத் திரும்ப ஓட்டினேன். ஒரே ஒரு செய்தி, வரிக்கடைசியில் விட்ட இடைவெளி. அவனுக்கு அனுப்பியாயிற்று.