பல்கலைக்கழகத்தில் எங்கள் நிரல் ஆய்வுக் கருவியைக் காட்ட வேண்டும், 20 நிமிடம்தான்

சுவாசூகாங்_சேகர்:
வணக்கம். சி++ மூலநிரலை ஓட்டாமலேயே படித்துப் பிழை பிடிக்கும் கருவி ஒன்றை நானும் கூட வேலை பார்ப்பவரும் கிளாங் என்ற கம்பைலரை (மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) வைத்து எழுதினோம், மூன்று வருஷமாக ஆபீஸில் தினமும் ஓடுகிறது. அதைக் கேள்விப்பட்ட ஒரு பேராசிரியர், கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் இருக்கும் தம் ஆய்வுக்குழுவிடம் வந்து பேசச் சொல்லிவிட்டார். பேச்சு 20 நிமிடம், கேள்விக்கு 10. வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் ஸ்லைடுகள் கையில் இருக்கின்றன, பாதிக்கு மேல் டேஷ்போர்டு படம். அதையே கொண்டுபோகலாமா? போன மாதம் வேறோர் இடத்தில் ஒருவர் அப்படித்தான் காட்டினார், ஐந்தாவது நிமிடத்தில் முன்வரிசை முழுக்க மடிக்கணினியைத் திறந்துவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

பின்வரிசை_மாணவன்:
அண்ணே, டேஷ்போர்டைத் தூக்கிவிடுங்கள். மடிக்கணினியைத் திறக்கிற அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன், அதனால் உண்மையைச் சொல்கிறேன். நாங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி, உங்கள் கருவி எதைக் கோட்டை விடும் என்பதுதான். ஒரு நிரல் ஓடும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை எல்லா நிரல்களுக்கும் தப்பாமல் சொல்லிவிடும் வழிமுறை இருக்கவே முடியாது என்று ரைஸ் என்ற கணிதவியலாளர் 1953லேயே நிரூபித்துவிட்டார், ஆகவே எந்தக் கருவியும் சிலதை விட்டுவிடும், இல்லையென்றால் இல்லாத பிழைக்குக் கூச்சல் போடும். உங்களுடையது எந்தப் பக்கம் சாய்கிறது, ஏன் அப்படிச் செய்தீர்கள்? இதைச் சொல்லாமல் "எல்லாப் பிழையும் சிக்கும்" என்று ஒரு ஸ்லைடு வைத்தீர்களோ, அத்தோடு சரி. அடுத்த கேள்வி, எதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். கிளாங்கோடு வருகிற ஆய்வுக் கருவி இருக்கிறது, கோட்கியூஎல் என்ற இன்னொரு கருவி இருக்கிறது, ஒரே நிரலை அவற்றிலும் ஓட்டிப் பாருங்கள், எந்தப் பதிப்பு என்று எழுதிவையுங்கள்.

சுவாசூகாங்_சேகர்:
ஒப்பிட்டதே இல்லை தம்பி. அதோடு நிறுவனத்தின் நிரலை ஒரு வரிகூட வெளியில் காட்ட முடியாது, ஒப்பந்தம் அப்படி.

தெம்பினிஸ்_அக்கா:
உங்கள் நிரல் எதற்கு? ஊரறிந்த பிழையை எடுங்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய "கோடூ ஃபெயில்" பிழை, அதில் ஒரே வரி இரண்டு முறை விழுந்திருக்கும். உள்ளே தள்ளி எழுதியிருப்பதால் இரண்டாவதும் இஃப் நிபந்தனைக்குள் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் அது எப்போதும் ஓடும், சேவையகத்தின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதிக்கு நிரல் போகவே போகாது, "எல்லாம் நலம்" என்று திரும்பி வந்துவிடும். ஒரே ஸ்லைடில் அடங்கும். பின்வரிசைவரை எல்லாருக்கும் கண்ணால் பார்த்தாலே புரியும். எட்ட முடியாத வரியைக் காட்டும் எச்சரிக்கை கிளாங்கில் இருந்தது, ஆனால் எச்சரிக்கைகளைக் கேட்டுப் பலர் போடும் வழக்கமான "வால்" (-Wall) விருப்பத்துக்குள் அது வராது. அப்புறம் 2016இல் இன்னொரு கம்பைலரான ஜிசிசி 6, ஏமாற்றும் உள்தள்ளலுக்கு என்றே ஓர் எச்சரிக்கையைக் கொண்டுவந்து அதை "வால்"இலேயே சேர்த்தது.

அதைப் பிடித்துக் காட்டிவிட்டு, உடனே ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழையைப் போடுங்கள். அதே 2014, ஏப்ரல். எதிர்ப்பக்கம் "நான் அனுப்பியது இவ்வளவு நீளம்" என்று சொன்னதை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் அப்படியே நம்பி, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை நினைவகத்தை அள்ளிக் கொடுத்தது. அந்த நீளம் வெளியாள் சொன்னது என்பதைக் கருவி ஊகிப்பதுதான் கஷ்டம். பைட்டுகளின் வரிசையை மாற்றும் இடத்தைக் கண்டால் அது வெளியிலிருந்து வந்த தரவு என்று வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையைக் கவரிட்டி என்ற ஆய்வுக் கருவிக்காரர்கள் அதற்குப் பிறகுதான் சேர்த்தார்கள். உங்கள் கருவி அதைப் பிடிக்காவிட்டால், பிடிக்காது என்று நீங்களே சொல்லி ஏன் என்றும் காட்டுங்கள். அந்த 10 நிமிடமும் நல்லபடியாகப் போகும்.

நேரடியாக ஓட்டிக் காட்டுவதானால் காணொளியாகவும் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் வைஃபையை நம்பிப் போய் ஒருதரம் நான் பட்டது போதும்.

கோப்பி_ஓ_கோசோங்:
மேலே இரண்டு பேர் சொன்னதும் சரிதான், ஆனால் நீங்கள் பேராசிரியர் வேஷம் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அது அவர்களிடமே ஏராளம். அவர்களிடம் இல்லாதது உங்கள் மூன்று வருஷம். எந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் ஆட்கள் திருத்தினார்கள், எதைப் பார்த்து எரிச்சல்பட்டு வாயை அடைத்தார்கள்? கவரிட்டியை உருவாக்கியவர்கள் 2010இல் எழுதிய கட்டுரையில், பொய் எச்சரிக்கை 30 விழுக்காட்டைத் தாண்டினால் ஆட்கள் கருவியையே கண்டுகொள்வதில்லை என்று அனுபவத்தை வைத்துச் சொல்லியிருந்தார்கள். உங்கள் ஆபீஸில் அந்தக் கோடு எங்கே விழுந்தது? நிரலைக் காட்டாமலே இதைச் சொல்லலாம், ஆனால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவாசூகாங்_சேகர்:
நேற்று ராத்திரி உட்கார்ந்து, எச்சரிக்கையை அடக்கச் சொல்லி நம் ஆட்கள் நிரலில் போட்ட குறிப்புகளை மட்டும் தேடி எண்ணினேன். முக்கால்வாசி ஒரே விதிக்கு. நான் ஆசை ஆசையாக எழுதிய விதி. முதல் ஸ்லைடே அதுதான் அக்கா, கோடூ ஃபெயில் இரண்டாவதாகப் போகட்டும். மேலாளர் எண்களைச் சொல்லலாம் என்கிறார், கோப்புப் பெயர்கள் மட்டும் கூடாதாம்.