ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு ஹோம்ஸ்கூல்: புதுசா வந்தவங்க கேட்டதுக்கு என் பதில்

பையன் ஏழாங்கிளாஸ் வயசு, இப்பதான் வெளிநாடு வந்திருக்கோம், வீட்டுலயே படிக்க வைக்கலாமா, அப்படி வச்சா மேத்ஸும் சயின்ஸும் மட்டும் போதாதா, ஹிஸ்டரி, டிராயிங், கோடிங்னு இத்தனை எதுக்குன்னு கேட்டிருந்தீங்க சகோ. ரெண்டாவது கேள்விக்குத்தான் நான் விரிவா எழுதப்போறேன். ஆனா எந்த நாட்டுல இருக்கீங்கன்னு நீங்க சொல்லல, அதனால முதல்ல சட்டம்.

ஜெர்மனியில இருந்தீங்கன்னா இந்த யோசனைய விட்டுடுங்க, அங்க பிள்ளை ஸ்கூலுக்குப் போயே ஆகணும். ஸ்வீடன்லயும் ரொம்ப விசேஷமான காரணம் இருந்தாதான் விடுவாங்க, பிரான்ஸ்ல 2022லேருந்து முன்கூட்டியே அனுமதி வாங்கணும். இங்கிலாந்துல 1996 கல்விச் சட்டம் 7வது பிரிவுப்படி பிள்ளையோட வயசுக்கும் திறமைக்கும் ஏத்த முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்யுறது பெத்தவங்க பொறுப்பு, அது ஸ்கூல்லயும் இருக்கலாம் வேற வழியிலயும் இருக்கலாம். அமெரிக்காவுல 50 மாநிலத்துலயும் அனுமதி உண்டு, ஆனா ரூல்ஸ் மாறும், டெக்சாஸ்ல பதிவு, ரிப்போர்ட்னு எதுவும் கேக்க மாட்டாங்க, நியூயார்க்ல வருஷத் திட்டம், மூணு மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட், வருஷக் கடைசி மதிப்பீடுன்னு எல்லாம் குடுக்கணும். ஆஸ்திரேலியாவுல மாநில அளவுல பதிவு பண்ணணும். உங்க ஊர் கல்வி அலுவலக வெப்சைட்ட நீங்களே பாருங்க, வாட்ஸ்அப்ல யாரோ சொன்னாங்கன்னு எதையும் நம்பாதீங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். 11லேருந்து 14 வயசுங்கிறது பிள்ளை "ஏன்"னு கேக்குறது மாறுற வயசு. சின்னப் பிள்ளை பதிலுக்காகக் கேக்கும், இந்த வயசுல உங்க பதில் சரியான்னு பாக்குறதுக்காகக் கேக்கும். அந்த நேரத்துல மேத்ஸ், சயின்ஸ் ஒர்க்ஷீட்டா மட்டும் குடுத்துட்டே இருந்தா பிள்ளைக்குக் கணக்குப் போடத் தெரியும், தான் கண்டுபிடிச்சத அடுத்தவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லத் தெரியாது. பல பாடம் வேணும்னு நான் சொல்றது அதனாலதான்.

ஒரு உதாரணம் சொல்றேன், எங்க வீட்டுல செஞ்சது. ஒரு நூல், ஒரு நட்டு, போன்ல ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். நூல் நீளத்த 25 செ.மீ வச்சு நட்ட ஆட விட்டா ஒரு முறை போய்வர கிட்டத்தட்ட 1 செகண்ட் ஆகும். இப்ப நீளத்த நாலு மடங்காக்கி 1 மீட்டர் வச்சா எவ்வளவு ஆகும்னு முதல்ல பிள்ளைய எழுதி வைக்கச் சொல்லுங்க. அநேகமா 4 செகண்ட்னுதான் எழுதும், ஆனா ஆட்டிப் பாத்தா ஏறக்குறைய 2 செகண்ட்தான் வரும்! நீளம் நாலு மடங்கு, நேரம் அந்த நாலோட ஸ்கொயர் ரூட்டான ரெண்டு மடங்குதான். இங்கதான் ஸ்கொயர் ரூட்ங்கிறது புஸ்தகத்துல இருக்கிற குறியா இல்லாம கண்ணு முன்னாடி நிக்குது. ஒரு ஆட்டத்த அளந்தா கை தாமதம் அதிகமா காட்டும், பத்து ஆட்டத்த அளந்து பத்தால வகுத்தா அந்தத் தப்பு குறையும்னு பிள்ளையே ஒரு கட்டத்துல சொல்லும், நீங்க முந்திக்கிட்டு சொல்லிடாதீங்க. அப்புறம் எடைய மட்டும் மாத்திப் பாக்கணும், அப்புறம் எவ்வளவு தூரம் இழுத்து விடுறோம்கிறத மட்டும் கொஞ்சமா மாத்திப் பாக்கணும், ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்கிற பழக்கம் அப்படித்தான் வரும்.

அதோட விடாதீங்க. கிராஃப் போடச் சொல்லுங்க, என்ன செஞ்சேன், என்ன பாத்தேன், அதுலேருந்து என்ன முடிவுக்கு வந்தேன்னு மூணையும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. இப்படித் தொங்கி ஆடுறதுக்குப் பேர்தான் ஊசல். பிறகு அதோட கதைய சொல்லுங்க: 1656ல ஹைகன்ஸ்ங்கிற டச்சு விஞ்ஞானி இந்த ஊசல வச்சு கடிகாரம் செஞ்ச கதை, 1672ல ரிஷேர்னு ஒரு பிரெஞ்சு வானியலாளர் பூமத்திய ரேகை பக்கம் தென் அமெரிக்காவுல இருக்கிற கயேன்ங்கிற ஊருக்குப் போனப்ப பாரிஸ்ல சரியா ஓடுன ஊசல் கடிகாரம் அங்க ஒரு நாளைக்கு ரெண்டரை நிமிஷம் போல பின்தங்குன கதை. ஏன்னு கேட்டா உலக உருண்டைய எடுத்தே ஆகணும், பூமி நடுவுல கொஞ்சம் உப்பியிருக்கு, சுத்தவும் செய்யுது, அதனால அங்க ஈர்ப்பு கொஞ்சம் கம்மி, ஊசலும் மெதுவா ஆடும். ஒரு நூல வச்சு கணக்கு, அறிவியல், எழுத்து, வரலாறு, புவியியல் எல்லாம் வந்துடுச்சு பாத்தீங்களா, இத நான் ரொம்ப சந்தோஷமாவே சொல்றேன்.

எழுத்துக்கு தனியா நேரம் ஒதுக்குங்க, இந்த வயசுல அதிகம் கைவிடுறது அதத்தான். எழுதுனத ஒரு நாள் அப்படியே வச்சுட்டு மறுநாள் சத்தமா வாசிச்சு பிள்ளையே திருத்தணும், சிவப்புப் பேனா உங்க கையில வேண்டாம். தமிழ்ல ஒரு பக்கம் படிச்சுட்டு அதையே புது நாட்டு மொழியில சொல்லச் சொல்லுங்க, மறுநாள் மாத்திச் செய்யச் சொல்லுங்க, ரெண்டு மொழியும் வளரும், தமிழும் கைவிட்டுப் போகாது. வரலாற்றுல ஒரே சம்பவத்துக்கு ரெண்டு பேர் எழுதுனத எடுத்து, யார் எழுதுனா, எப்ப, யாருக்காகன்னு கேளுங்க, இதே கேள்வியத்தான் நாளைக்கு நெட்ல பாக்குற செய்திக்கும் கேக்கப் போறாங்க.

கோடிங்னா, கட்டங்கள இழுத்துச் சேத்து புரோகிராம் செய்யுற ஸ்க்ராட்ச்ல ஆரம்பிச்சு, எழுத்துல டைப் பண்ணுற பைதான் மொழிக்குப் போகலாம், எர்ரர் வந்தா பதறாம ஒவ்வொரு வரியா தேடுற பொறுமை அதுல கிடைக்கும். டிராயிங், மியூசிக் எது பிடிக்குதோ ஒண்ணு போதும், ஆனா எடுத்தத முடிக்கணும்.

எனக்குக் கேட்டா இதுல பெரிய திறமை வாரத்திட்டம் போடுறதுதான். ஆறாவதுல நீங்க போடுங்க, ஏழாவதுல சேர்ந்து போடுங்க, எட்டாவதுல பிள்ளை போட்டு உங்ககிட்ட காட்டட்டும். திட்டம் தவறுனா திட்டாதீங்க, அடுத்த வாரத்துக்கு எத குறைக்கணும்னு மட்டும் கேளுங்க.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும் சகோ. வந்த புதுசுல பிள்ளைக்கு ஃப்ரெண்ட்ஸும் இல்ல, பேச்சு மொழியும் வரலன்னா கொஞ்ச காலம் ஸ்கூல்லயே விடுங்க, அந்த ரெண்டையும் ஸ்கூல் வேகமா குடுக்கும். இல்ல, வீட்டுலதான்னு முடிவு பண்ணிட்டா லைப்ரரி, விளையாட்டு கிளப், மத்த ஹோம்ஸ்கூல் குடும்பங்கள்னு வாரத்துல பல நாள் வெளிய இருக்கணும், லைப்ரரியில புஸ்தகம் கேக்குறது, கிளப்ல பேர் குடுக்குறதெல்லாம் பிள்ளையே பேசட்டும், நீங்க பக்கத்துல நின்னா போதும்.

முதல் நாள்லேருந்தே ஒரு ஃபைல் போடுங்க. மாசா மாசம் ஒவ்வொரு பாடத்துலயும் செஞ்சது ரெண்டு மூணு, தேதியோட, கூடவே படிச்ச புஸ்தக லிஸ்ட். திரும்ப ஸ்கூல்ல சேக்கும்போது எந்த கிளாஸ்ல போடலாம்னு பேச அது உதவும், அதிகாரிங்க கேக்குற நாட்டுல இருந்தா தேடி அலைய வேண்டாம். எந்த நாடுன்னு சொல்லுங்க, அங்க இருக்கிறவங்க யாராவது ரூல்ஸ் பத்தி விவரமா சொல்லுவாங்க.